மண்பாதை மோட்டார் சைக்கிளுக்குப் பற்சில்லுத் தெரிவு – வேக விகிதத்தின் ஒரு பிரயோகம்

அறிமுகம்

எளிய பொறிகள் என்னும் பாடப்பகுதியில் நெம்புகோல், கப்பி, சாய்தளம் ஆகியவற்றுடன் பற்சில்லுகளையும் நீங்கள் கற்றுள்ளீர்கள். "செலுத்தும் சில்லின் பற்களின் எண்ணிக்கை 15, செலுத்தப்படும் சில்லின் பற்களின் எண்ணிக்கை 45 எனின் வேக விகிதம் யாது?" என்ற வினாவுக்கு 3 என உடனே விடை எழுதிவிடலாம். ஆனால் அந்த 3 என்ற எண் 2.7 ஆகவோ 3.4 ஆகவோ இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்டால் மாணவர் பலர் தடுமாறுகின்றனர். பரீட்சையில் புள்ளிகளைப் பெற்றுத் தருவதும் இந்த இரண்டாவது வினாவே.

தார் வீதியிலும் மண்பாதையிலும் ஓட்டப்படும் மோட்டார் சைக்கிள் இதற்குச் சிறந்த உதாரணமாகும். 'டர்ட் பைக்' எனப்படும் இவ்வகை வண்டியில் சங்கிலிப் பற்சில்லுகளை மாற்றுவது எளிது. எத்தனை பற்கள் கொண்ட சில்லைப் பூட்டுவது என்பதே கடினமான கேள்வி. பிழையாகத் தெரிவு செய்தால் பணம் வீணாகும், கிளச் எரியும், செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் நின்று ஓட்டுநர் விழவும் நேரிடும். சரியான தெரிவுக்குத் தேவையான கணிதமும் விஞ்ஞானமும் உங்கள் பாடநூலிலேயே உள்ளன.

இக்கட்டுரையைக் கற்ற பின்னர் உங்களால்,

• சங்கிலிச் செலுத்துகையின் வேக விகிதத்தைக் கணிக்கவும்,
• எஞ்சினின் சுழற்சியிலிருந்து வண்டியின் கதியைக் கணிக்கவும்,
• வேக விகிதம் கூடும்போது பெறுவது எது, இழப்பது எது என விளக்கவும்,
• தரப்பட்ட தேவைக்கு ஏற்ற பற்சில்லுச் சோடியைக் காரணத்துடன் தெரிவு செய்யவும்

முடியும்.

1. எஞ்சினிலிருந்து பின் சில்லு வரை

மோட்டார் சைக்கிளின் எஞ்சின் மிக விரைவாகச் சுழலும். பின் சில்லு அவ்வளவு விரைவாகச் சுழல வேண்டியதில்லை. ஆகவே சுழற்சி மூன்று இடங்களில் குறைக்கப்படுகின்றது.

(அ) முதற்குறைப்பு: எஞ்சினின் கிராங்குத் தண்டிலிருந்து கிளச்சுக்கு. இதன் விகிதம் மாறாதது.

(ஆ) கியர்ப் பெட்டி: ஓட்டுநர் காலால் மாற்றும் 5 அல்லது 6 கியர்கள்.

(இ) இறுதிக் குறைப்பு: கியர்ப் பெட்டியின் வெளித்தண்டிலுள்ள சிறிய முன் பற்சில்லிலிருந்து சங்கிலி மூலம் பின் சில்லிலுள்ள பெரிய பற்சில்லுக்கு. வேலைத்தளங்களில் இப்பற்சில்லுகளை 'ஸ்ப்ரொக்கற்' என்பர்.

முதல் இரண்டும் எஞ்சினின் உள்ளே எண்ணெயில் மூழ்கி இருப்பவை; அவற்றை மாற்றுவது பெரிய வேலை. மூன்றாவது வெளியே இருக்கின்றது. எனவேதான் வண்டியின் இயல்பை மாற்ற விரும்புவோர் இறுதிக் குறைப்பையே மாற்றுகின்றனர்.

இறுதிக் குறைப்பு விகிதம் = பின் பற்சில்லின் பற்களின் எண்ணிக்கை ÷ முன் பற்சில்லின் பற்களின் எண்ணிக்கை

மொத்தக் குறைப்பு = முதற்குறைப்பு × கியர் விகிதம் × இறுதிக் குறைப்பு

துவிச்சக்கர வண்டியில் இதற்கு நேர்மாறான அமைப்பைக் காண்கின்றோம். அங்கே மிதியுடன் இணைந்த முன் பற்சில்லு பெரியது. பின் பற்சில்லு சிறியது. காரணம் என்ன? மனிதனின் கால் மெதுவாகச் சுழலும். ஆனால் பெரிய விசையைத் தரும். எனவே விசையை விட்டுக்கொடுத்துக் கதியைப் பெறுகின்றோம். எஞ்சினோ விரைவாகச் சுழலும். ஆனால் ஒரு சுற்றில் அது தரும் திருப்பம் சிறியது. எனவே கதியை விட்டுக்கொடுத்துத் திருப்பத்தைப் பெறுகின்றோம்.

செய்கை 1

ஒரு துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன், பின் பற்சில்லுகளின் பற்களை எண்ணிக் குறியுங்கள். பின் டயரில் வெண்கட்டியால் ஓர் அடையாளம் இடுங்கள். மிதியை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பின் சில்லு எத்தனை சுற்றுகள் சுற்றியது எனப் பாருங்கள். முன்னே 44, பின்னே 18 பற்கள் இருப்பின் சில்லு ஏறத்தாழ 2.44 சுற்றுகள் சுற்றும். சங்கிலி பற்சில்லில் ஏறும் இடத்துக்கு அருகே விரலைக் கொண்டு செல்லக் கூடாது. மோட்டார் சைக்கிளில் பற்களை எண்ணும்போது எஞ்சின் கட்டாயம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

2. பெறுவதும் இழப்பதும்

பற்சில்லுகள் சக்தியை உருவாக்குவதில்லை. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் தரும் வலுவையே அவை கடத்துகின்றன. உராய்வினால் அதிலும் ஒரு சிறு பகுதி வெப்பமாக இழக்கப்படுகின்றது.

வலு = விசை × கதி

வலு மாறாதிருக்கும்போது விசை கூடினால் கதி குறைய வேண்டும். இறுதிக் குறைப்பை 14 சதவீதத்தால் கூட்டினால் ஒவ்வொரு கியரிலும் சில்லு தரும் தள்ளுவிசை 14 சதவீதத்தால் கூடும். அதே எஞ்சின் சுழற்சிக்கு வண்டியின் கதியும் அதற்கேற்பக் குறையும். ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெறலாம்.

இன்னொரு விடயமும் உண்டு. பற்சில்லை மாற்றும்போது ஒரு கியர் மட்டும் மாறுவதில்லை. எல்லாக் கியர்களும் ஒரே விகிதத்தில் மாறுகின்றன. முதலாம் கியருக்கும் கடைசிக் கியருக்கும் இடையிலான விகிதம் கியர்ப் பெட்டிக்குள்ளேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. ஓர் அடிமட்டத்தை மேசைமீது இடப்பக்கம் நகர்த்தினால் அதன் வல முனையும் கூடவே நகரும்; அடிமட்டம் நீளமாகாது. அதுபோலவே, மெதுவான ஓட்டத்தில் பெறும் நன்மைக்கு விரைவான ஓட்டத்தில் விலை கொடுக்க வேண்டும்.

3. ஓர் உண்மை உதாரணம்

யப்பானின் சுசுக்கி நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் 398 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சினைக் கொண்ட டி.ஆர்.-இசட் 400 என்ற வண்டியை அறிமுகப்படுத்தியது. இதில் வீதிக்கும் மண்பாதைக்கும் பொதுவானது 'எஸ்' வகை. மண்பாதைக்கே உரியது 'ஈ' வகை. 2005 இல் தார் வீதிக்கு ஏற்ற சிறிய, அகன்ற சில்லுகளைக் கொண்ட 'எஸ்எம்' வகை வந்தது. மூன்றிலும் முதற்குறைப்பு 2.960, கியர் விகிதங்களும் ஒன்றே. இறுதிக் குறைப்பு மட்டும் வேறு.

கியர் விகிதங்கள்: முதலாம் 2.286, இரண்டாம் 1.733, மூன்றாம் 1.375, நான்காம் 1.091, ஐந்தாம் 0.864

அட்டவணை 1

| வகை | முன் பற்கள் | பின் பற்கள் | இறுதிக் குறைப்பு | பின் டயர் |
|---|---|---|---|---|
| எஸ் | 15 | 44 | 2.933 | 120/90-18 |
| ஈ | 14 | 47 | 3.357 | 110/100-18 |
| எஸ்எம் | 15 | 41 | 2.733 | 140/70-17 |

டயரில் பொறிக்கப்பட்ட எண்களைப் படிக்கும் முறை: 120/90-18 என்பதில் 120 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 90 என்பது டயரின் உயரம் அகலத்தின் 90 சதவீதம் என்பதாகும். அதாவது 108 மி.மீ. 18 என்பது உலோக வளையத்தின் விட்டம், அங்குலத்தில். அதாவது 457 மி.மீ.

டயரின் வெளிவிட்டம் = 457 + 108 + 108 = 673 மி.மீ.
பரிதி = 22/7 × 673 = 2115 மி.மீ. = 2.115 மீற்றர்

சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி 2.115 மீற்றர் முன்செல்லும். (வண்டியின் சுமையால் டயர் சற்று அமுங்குவதால் உண்மையான தூரம் சிறிது குறையும். இங்கே அதைப் புறக்கணிக்கின்றோம்.)

உதாரணம் 1

எஸ் வகை வண்டியின் எஞ்சின் ஐந்தாம் கியரில் நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுழல்கின்றது. வண்டியின் கதி யாது?

தீர்வு:
மொத்தக் குறைப்பு = 2.960 × 0.864 × 2.933 = 7.50
பின் சில்லின் சுழற்சி = 6000 ÷ 7.50 = நிமிடத்துக்கு 800 சுற்றுகள்
ஒரு நிமிடத்தில் செல்லும் தூரம் = 800 × 2.115 = 1692 மீற்றர்
கதி = 1692 × 60 ÷ 1000 = மணிக்கு ஏறத்தாழ 101.5 கி.மீ.

உதாரணம் 2

அதே வண்டி முதலாம் கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுகள் சுழலும்போது எக்கதியில் செல்லும்? ஈ வகையின் 14/47 பற்சில்லுகளை இதே வண்டியில் பூட்டினால் கதி எவ்வாறு மாறும்?

தீர்வு:
15/44: மொத்தக் குறைப்பு = 2.960 × 2.286 × 2.933 = 19.85
கதி = (2000 ÷ 19.85) × 2.115 × 60 ÷ 1000 = மணிக்கு 12.8 கி.மீ.

14/47: மொத்தக் குறைப்பு = 2.960 × 2.286 × 3.357 = 22.72
கதி = (2000 ÷ 22.72) × 2.115 × 60 ÷ 1000 = மணிக்கு 11.2 கி.மீ.

வித்தியாசம் மணிக்கு 1.6 கி.மீ. மட்டுமே. இது அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் கற்கள் நிறைந்த ஏற்றத்தில் மனிதன் நடக்கும் கதியிலேயே வண்டி செல்ல வேண்டியிருக்கும். எஞ்சின் மிக மெதுவாகச் சுழன்றால் நின்றுவிடும். நிற்காமல் இருக்க ஓட்டுநர் கிளச்சைப் பாதி அழுத்தி வழுக்கவிடுவார். அப்போது கிளச் தட்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து வெப்பமடையும். நீண்ட நேரம் இவ்வாறு ஓட்டினால் தேய்ந்து கருகும். முதலாம் கியரின் கதி எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குக் கிளச்சை வழுக்கவிடும் தேவையும் குறையும். மண்பாதைக்குப் பெரிய விகிதம் விரும்பப்படுவதன் முக்கிய காரணம் இதுவே.

உதாரணம் 3

எஸ்எம் வகையின் பின் பற்சில்லில் 41 பற்களே உள்ளன. ஆகவே அது எஸ் வகையைவிட உயர்ந்த கதிக்கு அமைக்கப்பட்டது எனலாமா?

தீர்வு:
எஸ்எம் டயரின் வெளிவிட்டம் = 432 + 98 + 98 = 628 மி.மீ.
பரிதி = 22/7 × 628 = 1974 மி.மீ. = 1.974 மீற்றர்
முன் பற்சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி செல்லும் தூரம்:
எஸ்எம்: 1.974 ÷ 2.733 = 0.722 மீற்றர்
எஸ்: 2.115 ÷ 2.933 = 0.721 மீற்றர்

இரண்டும் ஏறத்தாழச் சமம். சில்லு சிறிதாகியதால் ஏற்பட்ட மாற்றத்தைச் சிறிய பற்சில்லு ஈடுசெய்துவிட்டது. ஆகவே பற்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து இரு வண்டிகளை ஒப்பிடக் கூடாது; டயரின் பரிதியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஈ வகைக்கு இதே கணிப்பைச் செய்தால் 0.634 மீற்றர் கிடைக்கும். எஸ் வகையைவிட இது 12 சதவீதம் குறைவு. மண்பாதைக்கென அமைக்கப்பட்டது ஈ வகை என்பதை இந்த எண்ணே காட்டுகின்றது.

4. எதைத் தெரிவு செய்வது?

எஸ் வகை வண்டியில், அதே டயருடன், சில பற்சில்லுச் சோடிகள் தரும் கதிகளைக் கீழே காண்க.

அட்டவணை 2 (கதி மணிக்குக் கிலோமீற்றரில்)

| முன்/பின் | விகிதம் | முதலாம் கியர், 2000 சுற்றுகள் | ஐந்தாம் கியர், 6000 சுற்றுகள் |
|---|---|---|---|
| 15/41 | 2.733 | 13.7 | 109.0 |
| 15/44 | 2.933 | 12.8 | 101.5 |
| 15/47 | 3.133 | 12.0 | 95.1 |
| 14/44 | 3.143 | 11.9 | 94.8 |
| 14/47 | 3.357 | 11.2 | 88.7 |
| 13/44 | 3.385 | 11.1 | 88.0 |

இந்த அட்டவணையிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது: முன் பற்சில்லில் ஒரு பல்லைக் குறைப்பது பின் பற்சில்லில் ஏறத்தாழ மூன்று பற்களைக் கூட்டுவதற்குச் சமம். 14/44, 15/47 ஆகிய வரிசைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். முன் பற்சில்லு சிறியது, விலை குறைந்தது. எனவே பரிசோதித்துப் பார்க்க முன் பற்சில்லையும், நுண்ணிய திருத்தத்துக்குப் பின் பற்சில்லையும் மாற்றுவது வழக்கம்.

இரண்டாவது: 14/47 ஐப் பூட்டிய பின்னரும் தார் வீதியில் மணிக்கு 101.5 கி.மீ. செல்ல வேண்டுமாயின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6870 சுற்றுகள் சுழல வேண்டும். நீண்ட பயணத்தில் இரைச்சல், அதிர்வு, எரிபொருட் செலவு ஆகியன கூடும்.

மூன்றாவது: 15/41 ஐப் பூட்டினால் 109 கி.மீ. கதி கிடைக்கும் என எண்ணிவிடக் கூடாது. அட்டவணை தருவது எஞ்சின் 6000 சுற்றுகள் சுழன்றால் கிடைக்கும் கதியையே. எஞ்சினால் அவ்வாறு சுழல முடியுமா என்பது வேறு கேள்வி. வளியின் தடைவிசை கதியின் வர்க்கத்துக்கு விகிதசமனாகக் கூடுகின்றது. அதை வெல்லத் தேவையான வலு கதியின் கனத்துக்கு விகிதசமனாகும். கதி 7 சதவீதத்தால் கூட, வளித்தடைக்கான வலு ஏறத்தாழ 24 சதவீதத்தால் கூட வேண்டும். அந்த வலு இல்லாவிடின் எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் ஓட்டுநர் நான்காம் கியருக்கு இறங்க நேரிடும். கதிக்காக மாற்றிய பற்சில்லு கதியைத் தராது.

இனித் தெரிவு செய்யும் படிமுறையைப் பார்ப்போம்.

படி 1: வண்டி எங்கே அதிக நேரம் ஓட்டப்படுகின்றது என்பதைத் தீர்மானிக்க. ஆசைப்படும் இடத்தை அல்ல, உண்மையில் ஓடும் இடத்தைக் கருதுக.

படி 2: அங்கே செல்ல வேண்டிய மிகக் குறைந்த கதி யாது? முதலாம் கியரில் கிளச்சை அடிக்கடி வழுக்கவிட வேண்டியுள்ளதா?

படி 3: தார் வீதியில் நீண்ட நேரம் பேண வேண்டிய கதி யாது? அக்கதியில் எஞ்சினின் சுழற்சியைக் கணிக்க.

படி 4: இரு தேவைகளுக்கும் இடைப்பட்ட விகிதத்தைத் தெரிவு செய்க. முதலில் முன் பற்சில்லில் ஒரு பல்லை மட்டும் மாற்றிப் பார்க்க.

நாள்தோறும் தார் வீதியில் சென்று வார இறுதியில் மட்டும் மண்பாதைக்குப் போகும் ஒருவருக்கு 15/44 போதுமானது. இரண்டிலும் சம அளவில் ஓட்டுபவருக்கு 14/44 பொருந்தும். பெரும்பாலும் கல்லும் செங்குத்தும் நிறைந்த பாதையில் ஓட்டி, தார் வீதியைப் பாதையை அடைய மட்டும் பயன்படுத்துபவருக்கு 14/47 ஏற்றது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரு சோடி இல்லை. இரண்டு இடங்களிலும் மிகச் சிறந்ததாக இருக்கும் சோடியும் இல்லை.

5. விசை கூடினால் போதுமா?

எஞ்சினின் திருப்பம் 30 நியூட்டன் மீற்றர் எனவும் கடத்தலில் இழப்பு இல்லை எனவும் கொள்வோம். டயரின் ஆரை 0.3365 மீற்றர்.

15/44, முதலாம் கியர்: 30 × 19.85 ÷ 0.3365 = 1770 நியூட்டன்
14/47, முதலாம் கியர்: 30 × 22.72 ÷ 0.3365 = 2026 நியூட்டன்

பின் சில்லின் மீதான செவ்வன் மறுதாக்கம் 1400 நியூட்டன், தளர்ந்த மண்ணில் உராய்வுக் குணகம் 0.5 எனக் கொண்டால், எல்லை உராய்வு விசை 700 நியூட்டன் மட்டுமே. 1770 நியூட்டனையே நிலம் தாங்காது. சில்லு வழுக்கிச் சுழலும். அங்கே 2026 நியூட்டன் எதற்கு?

எனவே தளர்ந்த மண்ணில் பெரிய விகிதத்தின் பயன் 'கூடிய விசை' என்று மட்டும் எழுதுவது முழுமையான விடையன்று. எஞ்சின் நின்றுவிடாமலும் கிளச்சை வழுக்கவிடாமலும் மெதுவாகச் செல்ல முடிவதே அதன் பெரும் பயன். கூடிய விசை உதவுவது பிடிப்புள்ள பாறைத் தளத்திலும் கடினமான ஏற்றத்திலுமாகும்.

6. சங்கிலியை மறவாதீர்

இவ்வண்டியில் பயன்படும் 520 இலக்கச் சங்கிலியின் இரு அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையிலான தூரம் 15.875 மி.மீ. ஆகும். பற்சில்லில் ஒரு பல் கூடும்போது, சங்கிலியின் நீளம் மாறாதிருக்க, பின் சில்லின் அச்சு ஏறத்தாழ 4 மி.மீ. முன்னே நகர வேண்டும். மூன்று பற்கள் கூடினால் 12 மி.மீ. அச்சை நகர்த்தும் துளையில் அவ்வளவு இடம் இல்லையெனில் நீளமான சங்கிலி தேவைப்படும். பற்கள் குறைந்தால் அச்சைப் பின்னே நகர்த்த வேண்டும். இல்லையேல் சங்கிலி தொய்ந்து கழன்றுவிடலாம். ஓடும்போது கழன்ற சங்கிலி பின் சில்லை இறுக்கி விபத்தை ஏற்படுத்தும். எஞ்சினின் உறையையும் உடைக்கும்.

முன் பற்சில்லு மிகச் சிறியதாக இருப்பதும் நல்லதன்று. 15 பற்களில் ஒவ்வொரு கண்ணியும் 360 ÷ 15 = 24 பாகையால் மடிகின்றது. 13 பற்களில் 27.7 பாகையால் மடிய வேண்டும். மேலும் சுமை குறைந்த எண்ணிக்கையான பற்களின் மீது விழுகின்றது. ஆகவே சங்கிலியும் பற்களும் விரைவில் தேயும். பின் சில்லைத் தாங்கும் புயத்தின் மேலுள்ள காப்புத் துண்டிலும் சங்கிலி கூடுதலாக உரசும். அட்டவணை 2 இல் 13/44, 14/47 ஆகியன ஏறத்தாழ ஒரே விகிதத்தைத் தருகின்றன. 13/44 விலை குறைந்தது. 14/47 நீண்ட காலம் உழைக்கும்.

கணித பாடத்துடன் தொடர்புடைய ஒரு செய்தி: சங்கிலியில் 112 கண்ணிகள் இருப்பதாகக் கொள்வோம். 15, 112 ஆகியவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியது 1. எனவே ஒவ்வொரு பல்லும் காலப்போக்கில் எல்லாக் கண்ணிகளையும் சந்திக்கும். தேய்வு சமமாகப் பரவும். 14, 112 ஆகியவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியது 14. எனவே ஒவ்வொரு பல்லும் எப்போதும் அதே 8 கண்ணிகளையே சந்திக்கும். நன்றாக எண்ணெயிட்டுப் பேணப்படும் சங்கிலியில் இது பெரிய குறையன்று. ஈ வகையில் தயாரிப்பாளரே 14 பற்களைப் பயன்படுத்தினர்.

தேய்ந்த சங்கிலியைப் புதிய பற்சில்லில் பூட்டக் கூடாது. தேய்வினால் நீண்ட சங்கிலியின் கண்ணிகள் புதிய பற்களில் சரியாகப் பொருந்தாமல் அவற்றையும் விரைவில் கெடுத்துவிடும். கதிமானியையும் கவனிக்க வேண்டும்: அது முன் சில்லிலிருந்து இயங்கினால் பற்சில்லு மாற்றம் அதனைப் பாதிக்காது. கியர்ப் பெட்டியிலிருந்து இயங்கினால் தவறான கதியைக் காட்டும்.

7. விடை எழுதும்போது கவனிக்க

• "பெரிய பின் பற்சில்லு வலுவைக் கூட்டும்" என எழுதாதீர்கள். அது சில்லின் திருப்பத்தையே கூட்டும்; வலுவைக் கூட்டாது.
• விகிதத்தைத் தலைகீழாக எழுதாதீர்கள். செலுத்தப்படும் சில்லின் பற்கள் மேலே. செலுத்தும் சில்லின் பற்கள் கீழே.
• நிமிடத்துக்கான மீற்றரை மணிக்கான கிலோமீற்றராக மாற்ற 60 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுக்க.
• "தெரிவு செய்க" என்ற வினாவுக்கு எண்ணை மட்டும் எழுதினால் போதாது. பெறும் நன்மை ஒன்றையும் அதற்காக இழப்பது ஒன்றையும் குறிப்பிடுக.

பொழிப்பு

• மொத்தக் குறைப்பு என்பது முதற்குறைப்பு, கியர் விகிதம், இறுதிக் குறைப்பு ஆகியவற்றின் பெருக்கமாகும்.
• இறுதிக் குறைப்பு கூடினால் எல்லாக் கியர்களிலும் தள்ளுவிசை கூடும், கதி குறையும்.
• மண்பாதைக்கான தெரிவு, செல்ல வேண்டிய மிகக் குறைந்த கதியில் தங்கியுள்ளது. வீதிக்கான தெரிவு, நீண்ட நேரம் பேண வேண்டிய கதியில் தங்கியுள்ளது.
• வண்டிகளை ஒப்பிடும்போது பற்களுடன் டயரின் பரிதியையும் கருத வேண்டும்.
• பற்சில்லை மாற்றும்போது சங்கிலியின் நீளம், இழுவை, தேய்வு ஆகியன பரிசோதிக்கப்பட வேண்டும்.

பயிற்சி

1. முன்னே 13, பின்னே 39 பற்கள் கொண்ட வண்டியின் இறுதிக் குறைப்பு யாது?
(1) 0.33 (2) 2 (3) 3 (4) 26

2. பின் பற்சில்லின் பற்கள் கூட்டப்பட்டன, வேறெதுவும் மாறவில்லை. அதே எஞ்சின் சுழற்சியில்,
(1) கதி கூடும் (2) கதி குறையும் (3) கதி மாறாது (4) முதலாம் கியரில் மட்டும் கதி குறையும்

3. 15/44 இலிருந்து 14/44 இற்கு மாற்றுவதற்கு மிக நெருங்கிய மாற்றம் எது?
(1) 15/45 (2) 15/47 (3) 15/41 (4) 16/44

4. ஒரு வண்டியின் மொத்தக் குறைப்பு 10. சில்லின் பரிதி 2 மீற்றர். எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுகள் சுழலும்போது கதியைக் கணிக்க.

5. ஓட்டுநர் ஒருவர் செங்குத்தான கற்பாதையில் கிளச்சை அடிக்கடி வழுக்கவிடுகின்றார். (அ) கிளச் வெப்பமடைவது ஏன்? (ஆ) பற்சில்லில் செய்யத்தக்க ஒரு மாற்றத்தைக் கூறுக. (இ) அதனால் தார் வீதியில் ஏற்படும் ஒரு பிரதிகூலம் யாது?

விடைகள்

1. (3)
2. (2)
3. (2)
4. 4000 ÷ 10 = 400 சுற்றுகள்; 400 × 2 = நிமிடத்துக்கு 800 மீற்றர்; மணிக்கு 48 கி.மீ.
5. (அ) வழுக்கும் தட்டுகளுக்கிடையிலான உராய்வினால் இயக்கசக்தி வெப்பசக்தியாக மாறுவதால். (ஆ) முன் பற்சில்லில் ஒரு பல்லைக் குறைத்தல் அல்லது பின் பற்சில்லில் மூன்று பற்களைக் கூட்டுதல். (இ) அதே கதிக்கு எஞ்சின் விரைவாகச் சுழல வேண்டியிருப்பதால் எரிபொருட் செலவும் அதிர்வும் கூடும்.